'என் மெஷின்ல ஓடுச்சு சார்!'

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டெமோ. ஹாஸ்டல்ல ஜம்முனு ஓடின ப்ரோக்ராம், லேப் மெஷின்ல சிவப்பு எழுத்தில் திட்டுது. எக்ஸ்டெர்னல் வாட்ச்சைப் பார்க்கிறார். கோடில் ஒரு வரிகூட மாறலை. பின்னே எது மாறுச்சு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல ஒரு தறிக்காரரைக் கேளுங்க பாஸ். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருது, ஜரிகை சூரத்திலிருந்து. சாயம் போடுறவர் வேற. அடுத்தவங்க கொடுத்ததை நம்பித்தான் அவர் நெய்யணும். புடவை பாதியில நூல் தீர்ந்து, மறுபடி சாயம் போட்டா? பேரு அதே அரக்குதான், ஆனா ஷேட் மாறிடும். அதனால, ஒரே சாயத்துல மொத்த நூலையும் முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கணும்.

உங்க ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். நீங்க இறக்கின லைப்ரரி, அது நம்பியிருக்கிற இன்னொரு லைப்ரரி... இந்தச் சங்கிலிக்குப் பேர்தான் டிபெண்டன்ஸி.

வெர்ஷன் 1.4.2-னு இருக்கா? கடைசி எண் ஏறினா பக் ரிப்பேர். நடு எண் ஏறினா புது வசதி. முதல் எண் ஏறினா பழைய கோட் உடையலாம்னு எச்சரிக்கை. இது எழுதினவர் கொடுக்கிற வாக்குதான், கியாரண்டி இல்லை! என்.பி.எம்.மில் எண்ணுக்கு முன்னால கூரை மாதிரி ஒரு குறி இருக்கும். '2.0.0-க்குக் கீழே எது புதுசோ அதைக் கொடு'ன்னு அர்த்தம். ஹாஸ்டலுக்கு 1.4.2 வந்துச்சு, லேபுக்கு 1.5.0. ஷேட் மாறிப்போச்சு.

வைத்தியம் லாக் ஃபைல். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன்னு அது அச்சா குறிச்சு வெச்சுக்கும். அதையும் கோடோட சேர்த்து கிட்ல போடுங்க (நிறைய பேர் 'குப்பை'ன்னு டெலீட் பண்றாங்க, அய்யோ!). லேப்ல 'என்.பி.எம். இன்ஸ்டால்' வேண்டாம், 'என்.பி.எம். சி.ஐ.' அடிங்க. பைத்தான் ஆசாமிகளுக்கு வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் 'பிப் ஃப்ரீஸு'ம் இருக்கு.

ஆனா, பூட்டு போட்டாச்சுன்னு தூங்கிடாதீங்க. 2016 மார்ச் 22-ல் 'லெஃப்ட்-பேட்'னு வெறும் 11 வரி பேக்கேஜை எழுதினவரே கோபத்தில் நீக்கிட்டார். அதை நம்பியிருந்த ஏகப்பட்ட ப்ராஜெக்ட்கள் உலகம் முழுக்க பில்ட் ஆகாம நின்னுச்சு. கடையில சரக்கே இல்லைன்னா சீட்டை வெச்சு என்ன பண்றது? அன்னிக்கே அதைத் திருப்பி வெச்சாங்க. இன்னொரு பக்கம், 2021 டிசம்பரில் லாக்4ஜே-யில் பெரிய ஓட்டை தெரிஞ்சப்போ பழைய வெர்ஷன்லயே இருந்தவங்க மாட்டினாங்க.

அதனால அப்டேட் பண்ணுங்க, ஒண்ணொண்ணா. ஒண்ணு ஏத்தி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. டெமோவுக்கு முந்தின ராத்திரி மட்டும் கை வைக்காதீங்க. அன்னிக்கு லேப் மெஷின்லயே எல்லாத்தையும் இறக்கி ஒருதடவை ஓட்டிட்டு வந்துடுங்க. நெட் வேற காலை வாரும்!