நாவறியாத் தொண்டு நலம் பயக்குமா?

தொண்டு செய்ய வருவார்க்கு முதற்கருவி செவியே, அதற்கடுத்ததே கை. துன்புற்றான் ஒருவன் தன் துன்பத்தை எம்மொழியிற் சொல்லி அழுகின்றானோ, அம்மொழியை அறியாதவர் அவனுக்குச் சோறிடலாம்; துணி கொடுக்கலாம்; அவன் அழுகையின் பொருளை அறிதல் யாங்ஙனம்? பொருளறியாத அழுகைக்குச் சொல்லும் ஆறுதல் காற்றோடு கலந்து போவதன்றி வேறென்ன பயன் விளைக்கும்? இவ்வெளிய உண்மை, கிறித்தவத் தொண்டின் பெயரால் கடல்கடந்து வந்து தமிழகக் கோயில்களிலும் பாசறைகளிலும் பணியாற்றிச் செல்லும் இற்றைத் தொண்டர் பலர்க்கும் மறந்துபோயிற்று. அவரை மாலையிட்டு வரவேற்கும் தமிழர்க்கோ அறவே மறந்துபோயிற்று.

இத்தொண்டர்தம் அன்றாட வாழ்க்கையைச் சற்றே நோக்குக. மேலை நாட்டினின்று ஒரு குழு வந்திறங்கும். தங்குங் காலம் பத்து நாள்; மிஞ்சினால் இரு கிழமை. காலையில் தமக்குள் தம் மொழியிலே வேண்டுதல், அதன்பின் கோயிற் சுவருக்கு வண்ணம் பூசுதல், முற்பகலில், 'முகாம்' என மக்கள் வழங்கும் சிறார் பாசறையில், கையசைத்துப் பாடும் ஆங்கிலப் பாட்டு, பாவைக்கூத்து, வண்ணத்தாள் வெட்டியொட்டும் கைவேலை, மாலையில் ஊர்க்கூட்டம். வந்தவர் ஒரு தொடர் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் ஒரு தொடர் சொல்வார். அவர் சொன்னது இவர் சொன்னதுதானா என்பதை வந்தவரும் அறியார், இருந்தவரும் அறியார். இடையிடையே சிறுவரை அணைத்து நின்று ஒளிப்படம் எடுத்துக் கொள்வர். பதினோராம் நாள் கண்ணீர் மல்க விடைபெறுவர். அக்கண்ணீர் பொய்யன்று. ஆயினும், அணைத்த சிறுவனின் பெயரை அவர் நாக்குத் திருந்தச் சொல்லியதில்லை என்பதும் பொய்யன்று.

இவர்தம் நெஞ்சத்தைக் குறைகூறுதல் ஈண்டு நோக்கமன்று. தம் விடுப்பையும் தம் பொருளையும் செலவிட்டு வருவார் அன்பிலாதார் ஆகார். ஆனால், அன்பு வேறு. அவ்வன்பு சென்று சேரும் வழி வேறு. வாய்க்கால் வெட்டாமல் ஏரியை உடைத்துவிட்டால் வயல் விளையாது; வெள்ளமே மிஞ்சும். அன்புக்கு வாய்க்கால் மொழி.

இவ்வாய்க்காலை வெட்டிய முன்னோர் இதே சமயத்தில், இதே தமிழ் மண்ணில் இருந்தனர் என்பதே இற்றைத் தொண்டரை வெட்கப்படுத்தற்குப் போதிய சான்றாம். செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுனிட்சில் 1682-ஆம் ஆண்டு பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, தேனியல் அரசன் நான்காம் பிரெடரிக்கின் விடுப்பில், தோழர் புளூட்சோவுடன் 1706 சூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் கையில் தமிழ் அகரமுதலி இல்லை, தமிழிலக்கணமும் இல்லை. அவர் செய்ததென்ன? ஊர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியரையே பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கு வரச் செய்து, அச்சிறாரோடு சிறாராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், ஆளும் இனத்தவர், ஐந்தாண்டுப் பிள்ளைகளுக்கு நடுவே விரல் தேயத் தமிழெழுத்துக் கற்றார் என்பதை எண்ணுக!

அவருடைய அன்றாட வாழ்க்கையை அவரே தம் நாட்டார்க்கு எழுதிய மடலொன்றில் மணிவாரியாகக் குறித்துள்ளார். காலை 6 முதல் 7 வரை தமிழில் மறைவினா விளக்கம். 7 முதல் 8 வரை முன்னர்க் கற்ற தமிழ்ச்சொற்களையும் தொடர்களையும் மீளப் பயிலுதல். 8 முதல் நண்பகல் 12 வரை, முன்பு படித்திராத தமிழ்ச்சுவடிகளை ஆசிரியர் துணையொடு படித்தல். அருகே எழுத்தர் ஒருவர் அமர்ந்து புதுச்சொற்களையெல்லாம் குறித்துக்கொள்வார். உண்ணும்பொழுதும் ஒருவர் படிக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பார். வெயில் கொளுத்தும் 1 முதல் 2 வரை ஓய்வு. 2 முதல் 3 வரை மீண்டும் மறைக்கல்வி. 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ்ச்சுவடி. பின்னர் வேண்டுதலும், அன்றைய நிகழ்வுகளைப் பற்றிய கலந்துரையாடலும். இரவில் விளக்கொளியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளல் ஆகாதென்று, 7 முதல் 8 வரை எழுத்தரைப் படிக்கச் செய்து கேட்பார். இரவுணவின்போதும் அதுவே. இறுதியில் பிள்ளைகளோடு உரையாடிவிட்டே உறங்கச் செல்வார்.

அக்கணக்கைக் கூட்டிப் பார்க்க. ஒருநாளில் ஏழு மணிநேரத்திற்குக் குறையாமல் தமிழ்! வந்த மறு ஆண்டே, 1707-இல், சிறு கோயிலொன்று கட்டி அதில் தமிழிற் பேசினார். 1708-இல் தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச்சுவடிகளுக்குப் பெயர்ப்பட்டியல் வகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டின் இறுதியில் தேனியக் கோட்டைத் தலைவனே அவரைச் சிறையிலடைத்தான். நான்கு திங்கள் கழித்தே வெளிவந்தார். அச்சுப்பொறி வந்தபின் 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறியது. 1719 பிப்பிரவரி 23-இல், 36-ஆம் அகவையில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார். பதின்மூன்றாண்டிற்கும் குறைவான பணி! அதனுள் இத்துணையும்!

கற்றதனால் விளைந்த பெரும்பயன் இவ்வச்சுநூல்களினும் பெரிது. தமிழரை அறிவற்ற மாக்கள் என எண்ணிய ஐரோப்பியர்க்கு, அவர் அறநூலும் மெய்யியலும் உடைய மக்கள் என்று சீகன்பால்கு எழுதினார். தமிழர்தம் கடவுளரைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூலே எழுதி ஆலே நகர்க்கு விடுத்தார். அங்கிருந்த தலைவர் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க விடுக்கப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சாயிற்று. தமிழறியாத தலைவர்க்குத் தமிழன் திருத்தப்பட வேண்டிய ஒரு பொருள். தமிழறிந்த தொண்டர்க்கோ அவன் உரையாடத்தக்க ஒரு மாந்தன். ஒரே சமயம், ஒரே நோக்கம். வேற்றுமை விளைத்தது மொழியே! மொழி கற்பான், கற்பிப்பான்முன் தாழ்ந்து அமர்கின்றான். கொடுக்க வந்தவன் முதலிற் பெறுகின்றான். அத்தாழ்வு நேராத இடத்தில் தொண்டு என்பது மேலிருந்து எறியும் பிச்சையே.

"மதம் மாற்றுதற்கன்றோ அவர் தமிழ் கற்றார்?" என வினவுவார் உளர். ஆம், அதுவே அவர் நோக்கம். அதனை மறைக்கவும் வேண்டா, மழுப்பவும் வேண்டா. மொழி கற்றவரெல்லாம் செருக்கொழிந்தார் என்பதும் இல்லை. 1841-இல் இடையன்குடிக்கு வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றி, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் வடமொழியின் கிளையன்று என உலகறிய நிறுவிய கால்டுவெலே, 1849-இல் தாம் பணிசெய்த மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் அவரை இழிவுபடுத்தினார். அம்மக்கள் கற்றுத் தேர்ந்தபின் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு முற்றிலும் முறையானதே. ஆயின், இதனின்று பெறப்படுவது யாது? மொழியறிந்து, மக்களோடு ஒன்றி வாழ்ந்தவரே இங்ஙனம் இடறினாரெனின், மொழியே அறியாது பத்துநாள் வந்துபோவார் எத்துணை இடறுவர்! தம் ஊருக்குத் திரும்பிச்சென்று தமிழரைப் பற்றி அவர் சொல்லும் கதைகளைத் தமிழர் கேட்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

"அஃது அக்காலம், கப்பலிற் பல திங்கள் வந்தார், நிலைத்துத் தங்கினார், இது வானூர்திக் காலம்" என்பார் இன்னொரு சாரார். விரைந்து வரும் ஊர்தி கிடைத்தமையால் விரைந்து ஓடிவிடல் வேண்டும் என்பது என்ன முறை? பாசறைப் பணிக்கும் முன்மாதிரி உண்டு. அயர்லாந்தினராகிய ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார், தமிழ் கற்றார், சேலை உடுத்தார், தமிழ்ப் பெண்டிரோடு மாட்டுவண்டியிற் சென்று நெல்லைச் சீமைச் சிற்றூர்தோறும் கூடாரமடித்துத் தங்கினார். 1901 முதல், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமியரைக் காத்து, தோனாவூரில் அவர்க்கு இல்லம் அமைத்தார். 1931-இல் வீழ்ந்து நோயுற்றுப் படுக்கையிலானபோதும் தாய்நாடு திரும்பினாரல்லர். 1951-இல் அங்கேயே மறைந்தார். 55 ஆண்டுகள்! பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர். அச்சொல்லைப் பத்து நாளிற் பெறல் ஒல்லுமோ?

கண் அறுவை செய்ய வல்ல மருத்துவர் பத்துநாள் வருக. நீரியல் வல்லுநர் வருக. அவர்தம் கைத்திறம் இடையொருவர் மொழிபெயர்த்தாலும் பயன்தரும். வண்ணம் பூச எதற்குக் கடல்கடந்து வரல் வேண்டும்? அக்கோயில் இருக்கும் தெருவிலேயே வேலையின்றி அமர்ந்திருக்கும் வண்ணம்பூசுவார் உளரே! வருவார் செலவிடும் வானூர்திக் கட்டணம் அவர்க்குக் கூலியாயின், சுவரும் துலங்கும். அவர் வீட்டு அடுப்பும் எரியும். பிள்ளைகட்குக் கதை சொல்லவும், துயருற்றாரைத் தேற்றவும் மொழி இன்றியமையாதது. மொழி வேண்டா வேலைக்கு உள்ளூரார் போதும். மொழி வேண்டும் வேலைக்கு மொழியறியாதார் ஆகார். எஞ்சுவது எது? ஒளிப்படமே எஞ்சும்.

இனி, பழியின் பெரும்பகுதி எவரைச் சாரும் என்பதையும் சொல்லாது விடலாகாது. அழைப்பார் தமிழர், மேடையிடுவார் தமிழர். ஆங்கிலத்திற் பாடினால்தான் பாசறை உயர்ந்தது, வெள்ளைத்தோல் நின்றால்தான் கூட்டம் சிறந்தது என்னும் அடிமையெண்ணம் அழைப்பாரிடமே குடிகொண்டுள்ளது. நகர்ப்புறக் கோயில்கள் பலவற்றில், தமிழ்ப் பெற்றோரின் தமிழ்ப் பிள்ளைகட்கு விடுமுறை மறைப்பள்ளி ஆங்கிலத்தில் நடக்கின்றது! கடவுளுக்குத் தமிழ் தெரியாதென்றா இவர் எண்ணினர்?

இவர்தம் சமய வரலாறே இவரைக் கண்டிக்கின்றது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய பெருமை தமிழுக்கே. 1578-இல் என்றிக்கு அடிகள் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' கிறித்தவ நூலன்றோ! இலத்தீனில் வழிபட்ட உரோமைத் திருச்சவை, 1963-இல் இரண்டாம் வத்திக்கான் மன்றத்தில் மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. 'சுவிசேஷம்', 'ஜெபம்', 'கிருபை' எனப் பிறமொழிச் சொற்களால் நிரம்பிய மறைநூற்றமிழைக் களைந்து, 'நற்செய்தி', 'இறைவேண்டல்', 'அருள்' எனத் தமிழாக்கலாகும் என்பதை 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு காட்டிவிட்டது. தனித்தமிழுக்குத் தம் வாழ்நாளை ஈந்து 1981-இல் மறைந்த மொழிஞாயிறு பாவாணர் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவரே. இத்துணை வளத்தையும் வைத்துக்கொண்டு, பத்துநாள் விருந்தினரின் நாவுக்காகப் பிள்ளைகளின் நாவை அறுப்பது அறமாகுமா?

எனவே, தமிழ்க் கிறித்தவப் பெருமக்கள் துணிந்து ஒரு நெறி வகுப்பாராக. மாந்தரிடைப் பணிசெய்ய வருவார் எந்நாட்டினராயினும் ஓராண்டேனும் தமிழ் கற்ற பின்னரே சிறார்முன் நிற்க. அதுவரை அவர் பேச்சாளரல்லர், மாணாக்கரே. அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியப் பணியைத் தமிழ் இளைஞர் ஏற்க. கோயிற் பாசறைகளில் பாட்டும் கதையும் ஆட்டமும் தமிழிலேயே நிகழ்க. இந்நெறிக்கு உடன்படுவார் வருக; அவரே தொண்டர். உடன்படார் பொருளுதவியோடு அமைக.

300 ஆண்டுகளுக்கு முன்னர், தரங்கம்பாடி மணலில் அகரம் எழுதக் குனிந்த முதுகு தாழ்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலேயே தமிழை மறந்து நிமிர்ந்து திரியும் முதுகுகளே தாழ்ந்துகிடக்கின்றன. அவை நிமிர்தற்கு வெளியார் ஒருவரும் வரவேண்டா. உள்ளூரார் வாய் திறந்து தமிழ் பேசினாற் போதும்!