வீட்டுக்கு எதற்கு 17 தோட்டா?

துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர், தற்காப்பு அதற்கு முக்கியமான காரணம் என்று 2023இல் பியூ ஆய்வு மையத்திடம் சொன்னார்கள். அவர்களிடையே பல பத்தாண்டுகளாக ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் தாக்க வந்தால், கையில் இருக்க வேண்டியது ரிவால்வரா, பிஸ்டலா? சந்தை பிஸ்டல் பக்கம் சாய்ந்துவிட்டது. காவல் துறைகள் பிஸ்டலுக்கு மாறின. அவற்றைப் பார்த்துக் குடும்பங்களும் மாறின. காவல் துறைகள் மாறியது சரி. குடும்பங்கள் அதே வழியில் போனதுதான் தவறு.

ரிவால்வரில் வழக்கமாக 5 அல்லது 6 தோட்டாக்களைத் தாங்கும் உருளை ஒன்று உண்டு. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை திரும்பும். சுத்தியல் பின்னே போய் அடிக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னோக்கிப் பாய்ந்து, காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலின் அறைக்குள் ஏற்றும். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 பிஸ்டலின் மேகசினில் 17 தோட்டாக்கள். காலி மேகசினை உருவி, நிரப்பியதைச் செருகப் பயிற்சி பெற்றவருக்குச் சில நொடிகள் போதும்.

அந்தச் சில நொடிகளின் அருமை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் தெரிந்தது. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 8 பேர் காரை மோதி மடக்கினார்கள். 5 நிமிடத்துக்குள் ஏறக்குறைய 145 தோட்டாக்கள் பாய்ந்தன. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். 5 பேர் காயமடைந்தார்கள். கையில் அடிபட்ட அதிகாரி ஒருவரால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்பவே முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில், 22 வயதுக் காவலர் ஒருவர் தன் ரிவால்வரின் 6 தோட்டாக்களும் தீர்ந்து, புதிதாக நிரப்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரே நின்றவனிடம் இருந்தது 9 மி.மீ. பிஸ்டல்.

இத்தகைய சாவுகளுக்குப் பிறகு காவலர்கள் பிஸ்டல் கேட்டதில் நியாயம் இருந்தது. நியூயார்க் காவல் துறை 1993இல் பிஸ்டலுக்கு வழிவிட்டது. 2018இல் அங்கே கடைசி ரிவால்வர்களும் விடைபெற்றன.

ஆனால் மயாமிக் கதையைச் சொல்கிறவர்கள் அதன் பாதியை விட்டுவிடுகிறார்கள். கொள்ளையரில் ஒருவன் மைக்கேல் பிளாட். அதிகச் சேதம் விளைவித்தது அவன் கையில் இருந்த ரூகர் மினி-14 ரைஃபிள். எந்தக் கைத்துப்பாக்கியும் அதற்கு ஈடாகாது. அதிகாரி ஜெர்ரி டோவ் பிஸ்டலால் சுட்ட தோட்டா பிளாட்டின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போயும் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். சண்டையை முடித்தவர் எட்மண்டோ மிரெலஸ். ஒரு கை சிதைந்த நிலையில், மறு கையால் ஷாட்கன்னை இயக்கிச் சுட்டார். பிறகு எழுந்து போய், தன் ரிவால்வரின் 6 தோட்டாக்களையும் அருகிலிருந்து சுட்டார். அன்று பிஸ்டல் வைத்திருந்த அதிகாரிகளும் இருந்தார்கள், ரிவால்வர் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். இந்தச் சண்டையிலிருந்து ‘ரிவால்வர் உதவாது’ என்ற ஒற்றைப் பாடத்தை எடுப்பது முழு உண்மை ஆகாது.

அதிகத் தோட்டா இருந்தால் அதிகம் படும் என்பதும் நிலைக்காது. 1998 முதல் 2006 வரை நியூயார்க் காவலர்கள் சுட்ட சம்பவங்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்களின் தோட்டாக்களில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிராளி சுடாதபோதும் 30 சதவீதம்தான். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், சற்று முன் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்தவன் காவலர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான். இடைவெளி சில அடிதான். இரு காவலர்கள் 16 தோட்டாக்கள் சுட்டார்கள். அவன் இறந்தான், வழியில் போன 9 பேர் காயமடைந்தார்கள். அந்த 9 பேரையும் காயப்படுத்தியவை காவலர்களின் தோட்டாக்களும் அவற்றின் சிதறல்களுமே.

1999 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராங்ஸில் அமடூ டியாலோ என்ற இளைஞரை நோக்கி 4 காவலர்கள் 41 முறை சுட்டார்கள். அவர் கையில் இருந்தது பணப்பை. காவலர்களில் இருவர் ஆளுக்கு 16 தோட்டாக்களைத் தீர்த்தார்கள். நால்வரிடமும் ரிவால்வர் இருந்திருந்தால், நிரப்பிச் சுடாமல் 24க்கு மேல் போயிருக்காது. டியாலோ பிழைத்திருப்பார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அஞ்சிய கை, மேகசினில் இருப்பதை எல்லாம் தீர்த்துவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. மாதம்தோறும் பயிற்சி எடுக்காத, தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற ஒருவரின் கையில் 17 தோட்டாக்கள் இருப்பதும், மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் பிள்ளைகள் படுத்திருப்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை. காவலர் ஆபத்தை நோக்கிப் போக வேண்டியவர். வீட்டிலிருப்பவர் ஆபத்திலிருந்து விலகினால் போதும்.

தோட்டா எண்ணிக்கையைவிடப் பெரிய வேறுபாடு, துப்பாக்கி சும்மா இருக்கும்போதுதான் வெளிப்படுகிறது. ரிவால்வரின் பக்கவாட்டுப் பொத்தானை நகர்த்தினால் உருளை வெளியே சாயும். எத்தனை அறையில் தோட்டா, எத்தனை அறை காலி என்று ஒரு பார்வையிலேயே தெரியும். பிஸ்டலின் மேகசினை உருவினால் கைப்பிடி வெறுமையாகிவிடும், எடை குறையும், பார்க்கிறவருக்குக் காலியான துப்பாக்கி. ஆனால் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா ஏறியே இருக்கலாம். மேகசின் இல்லாமலே பல பிஸ்டல்கள் அதைச் சுட்டுவிடும். ‘காலி என்று நினைத்தேன்’ என்று முடியும் விபத்துகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. அறைக்குள் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் இருந்திருந்தால் துப்பாக்கி விபத்துச் சாவுகளில் 23 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1991லேயே அறிக்கை தந்தது.

2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் வால்மார்ட் கடை ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. துப்பாக்கிக்கென்றே தைத்த, ஜிப் உள்ள அறை அந்தப் பையில் இருந்தது. உள்ளே 9 மி.மீ. பிஸ்டல். ஒரே ஒரு வெடி. 29 வயதுத் தாய் அங்கேயே இறந்தார். பல பிஸ்டல்களின் விசையை இழுக்க இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். ரிவால்வரின் நீண்ட இழுப்புக்கு அதைப் போல் இரு மடங்கு தேவை. குழந்தையை அந்தக் கனம் தடுத்தே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் அது ஒரு தடை.

ரிவால்வருக்கும் குறைகள் உண்டு. அந்தக் கனமான இழுப்பு குறியைக் கலைக்கும். வயதானவர்களின் விரலுக்கு அது சிரமம். குட்டைக் குழல் கொண்ட ரிவால்வர் கையை உதறிவிடும். ஆனால் நெருக்கத்தில் அதன் எளிமை உதவுகிறது. தளர்வாகப் பிடித்தால் பிஸ்டல் சிக்கிக்கொள்ளக்கூடும். கைகலப்பில் ஸ்லைடு சற்றே பின்தள்ளப்பட்டாலும் சுடாமல் போகக்கூடும். இந்தச் சிக்கல்களை எடுக்கக் காவலர்கள் பழகுகிறார்கள். வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகும் குடும்பத்தார் பழகுவதில்லை.

தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படுவதே அரிது என்பதையும் வாங்குகிறவர் அறிய வேண்டும். அமெரிக்க அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2011 வரையிலான தரவுகளை சாரா சால்னிக்கும் ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வேயும் ஆராய்ந்தார்கள். தாக்கப்பட்டவர் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்ட சம்பவங்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அரிதான அந்த ஒரு சதவீதத்துக்காக வாங்கிய பொருள், மற்ற எல்லா நாளும் வீட்டிலேயே கிடக்கிறது.

சும்மா கிடக்கும் துப்பாக்கியின் ஆபத்தைப் புரிந்துகொண்ட மாநிலம் கலிஃபோர்னியா. அங்கே 2007 முதல் புதிதாக விற்பனைக்கு அனுமதி கோரும் பெரும்பாலான பிஸ்டல் வகைகளில், அறைக்குள் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளமும், மேகசினை எடுத்ததும் சுடவிடாமல் தடுக்கும் அமைப்பும் வேண்டும். நாடு தழுவிய சட்டம் இல்லை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரம் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அந்த அடையாளத்தையும் தடுப்பு அமைப்பையும் எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வாங்கியே தீருவேன் என்கிற குடும்பத்துக்கு 6 தோட்டா ரிவால்வரும் உறுதியான பூட்டுப் பெட்டியும் போதும். அந்தப் பெட்டிக்குச் செலவழிக்க மனமில்லாதவர் எந்தத் துப்பாக்கியையும் வாங்கக் கூடாது.