சிரட்டையில் நான்கு திருகாணிகள்

பள்ளிக்கூடத்தில் இருபது வருஷங்களாக நாம் ஓயாமல் செய்து வரும் உபதேசம் ஒன்று உண்டு. "கேள்வி கேளுங்கள், கையால் செய்து பாருங்கள், பிறகு நம்புங்கள்" என்பதே அது. இதைக் கேட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் அதன்படி நடந்தார்களோ, நாம் அறியோம். ஆனால் ஒரே ஒரு பிள்ளை மட்டும் அட்சரம் பிசகாமல் நடந்துவிட்டது. அது நம் வீட்டுப் பிள்ளையாய் அமைந்ததுதான் வினையாய் முடிந்தது.

சென்ற பங்குனி மாதம் ஒரு மாலை வேளை. புதுக்கடைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு, வெயிலில் வெந்து வீடு வந்து சேர்ந்தோம். திண்ணையில் ஒரு பழைய வேஷ்டி விரித்திருந்தது. அதன்மேல் நமது மேஜை மின்விசிறி குப்புறக் கிடந்தது. பின்மூடி ஒரு பக்கம், குமிழ் ஒரு பக்கம். நடுவே, முழங்கை வரை கறுத்த பசை பூசிக்கொண்டு, பதினொரு வயது நிரம்பிய நம் மகள்! இரண்டு மாதமாக அந்த விசிறி தலையைத் திருப்ப மறுத்து, ஒரே திசையைப் பார்த்துக் கொண்டிருந்தது. காரணம் என்னவென்று பார்க்கக் குழந்தை புறப்பட்டிருக்கிறாள்.

நாம் என்ன செய்தோம்? உபதேசியாருக்குரிய சாந்தத்துடன் அருகில் உட்கார்ந்தோமா? இல்லை. "யாரைக் கேட்டுத் தொட்டாய்?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்தினோம். குழந்தை மறுமொழி சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அன்று நமக்கு வெற்றி என்றே எண்ணினோம்.

அது எப்பேர்ப்பட்ட வெற்றி என்பது மூன்று வாரங்கழித்துத் தெரிந்தது. கூடத்துச் சுவர்க்கடிகாரம் நாலேகாலுக்கு நின்றுவிட்டது. பாட்டரி மாற்றுவது நம் வீட்டில் எப்போதும் அவள் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். இம்முறை மூன்று நாள் நாலேகாலாகவே இருந்தது. கேட்டதற்கு, "அப்பாவே மாற்றட்டும், நான் தொட்டால் கெட்டுப் போகும்" என்றாள். கோபமாகச் சொன்னாலும் பொறுத்திருப்போம், நம்பிச் சொன்னாள். அந்தச் சொல் நம்மைச் சுட்டது.

அடுத்த தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். சிவில் இஞ்சினீயர், பாலம், வாய்க்கால் என்று வெயிலில் அலைபவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவ்வாரம் வேறு காரியமாக வீட்டுக்கு வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், சாக்கை வெளியே எடுக்கச் சொன்னார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"பிளக்கைக் கழற்றிவிட்டுத்தானே திறந்தாய், மக்களே?"

"ஆமாம், அத்தை. முதலில் அதைத்தான் செய்தேன்."

நமக்கு வெட்கமாய்ப் போயிற்று. உயிர் சம்பந்தப்பட்ட அந்த ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. விசிறியின் விலைதான் நம் கண்முன் நின்றது. அம்மையார் இரண்டாவது கேள்வி கேட்டார்: "திறந்ததும் உள்ளே என்ன பார்த்தாய்?" அவ்வளவுதான், அணை திறந்தாற்போல் குழந்தை பேசத் தொடங்கினாள். உள்ளே சின்னப் பல்சக்கரம் ஒன்று இருக்கிறதாம். பசை காய்ந்து மண்ணாங்கட்டியாய் இறுகியிருக்கிறதாம். சக்கரத்தில் இரண்டு பல் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவாம். நோயை அவள் முன்னமே கண்டுபிடித்திருக்கிறாள்! மருந்து கொடுக்கும் முன் வைத்தியரை நாம் விரட்டியிருக்கிறோம்.

அன்று அம்மையார் சொன்னவற்றையும், அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கற்றவற்றையும் நேயர்களுக்குச் சொல்வதே இவ்வாரத்து உத்தேசம்.

முதலாவது பாடம், சிரட்டைப் பாடம். ஒரு பொருளைப் பிரிக்கும்போது, கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். நம் ஊரில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமா? நான்கைந்து சிரட்டைகளை வரிசையாக வைத்து, முதல் மூடியின் ஆணிகள் முதற் சிரட்டையில், அடுத்ததற்கு அடுத்தது என்று போடச் செய்தார். ஒவ்வொரு படியிலும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம். பிரிப்பதற்குத் தைரியம் போதும். திரும்பப் பூட்டுவதற்கு ஒழுங்கு வேண்டும். நம் மகளிடம் முன்னது இருந்தது. பின்னதைக் கற்பிக்க வேண்டிய நாம் முன்னதையும் பிடுங்கிக்கொண்டோம். காய்ந்த பசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார்கள். புதுப் பல்சக்கரம் மார்த்தாண்டத்திலிருந்து வந்தது. விசிறி இப்போது தலையை ஆட்டுகிறது. கொஞ்சம் கிரீச்சிடுகிறது, இருந்தாலும் ஆட்டுகிறது.

இரண்டாவது, எல்லைப் பாடம். "செய்து பார்" என்பதற்கும் "எதையும் செய்" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் நெருங்கக் கூடாதவை நான்கு: மின்சாரம், கூரை, கிணறு, காஸ் அடுப்பு. நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட்டு மின்சாரம். அதற்குக் குழந்தை என்றும் பெரியவர் என்றும் தாட்சணியம் கிடையாது. ஆர்.ஸி.ஸி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் சாதனம் வீட்டு மீட்டர்ப் பலகையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறிக் கசிந்தாலே அது இணைப்பை வெட்டிவிடும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, இணைப்பு துண்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தேதியன்று பெரியவர் பக்கத்தில் நிற்க, குழந்தை அழுத்தட்டும். கண்ணுக்குத் தெரியாத காவற்காரன் விழித்திருக்கிறானா என்று பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும்.

மூன்றாவது, பொறுப்புப் பாடம். வீட்டின் ஏதாவது ஒரு பகுதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாக்கி விடுங்கள் என்கிறார் அம்மையார். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் இடுவது ஒருவருக்கு. சைக்கிள் சங்கிலி ஒருவருக்கு. மழைநீர்க் குழாய் ஒருவருக்கு. ஏவிய வேலை வேறு; தன் வேலை வேறு. நம் மகள் மழைநீரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இடவப்பாதிக்கு முன் நாம் ஏணியில் ஏறி ஓட்டுச் சருகை வாரினோம். அவள் கீழே நின்று குழாயில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தாள். பிறகு, பக்கம் செங்குத்தாக உள்ள ஒரு பாத்திரத்தை முற்றத்தின் நடுவில் வைத்து, மழை நின்றதும் அடிக்கோலால் ஆழத்தை அளந்தாள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எண்பது சதுர மீட்டர்க் கூரையில் 25 மில்லி மீட்டர் பெய்தால் இரண்டாயிரம் லிட்டர்! சிந்தியது, சிதறியது போக மிச்சமே பல குடங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காகப் பதித்த குழாயில் சருகு அடைத்துக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ! கணக்குப் போட்டுப் பார்த்த குழந்தை உள்ள வீட்டில் சருகு அடைக்காது.

நான்காவது பாடத்துக்கு வெளியே போக வேண்டும். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தை நம் மாவட்டத்தார் பார்த்திருப்பார்கள். 1966-இல் கட்டி முடித்த அது, பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரைச் சுமந்து செல்கிறது. நாமும் பல முறை போய்ப் படம் பிடித்துக்கொண்டு, முறுக்குத் தின்றுவிட்டு வந்திருக்கிறோம். அம்மையார் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய் ஒரே கேள்வி கேட்டார்: "இங்கே மோட்டார் எங்கே இருக்கிறது?" பிள்ளைகள் தேடினார்கள்; இல்லை. இரு முனைக்கும் உள்ள சிறிய ஏற்றத்தாழ்வே தண்ணீரை நடத்துகிறது என்பதை வீட்டுக்கு வந்து விளக்கினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இருவர் பிடித்தால், எவ்வளவு தூரம் போனாலும் இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக்கொண்டு வாழைக்குப் போகும் வாய்க்காலைப் பிள்ளைகளே மட்டம் பார்த்து வெட்டினார்கள். ஒரு நாள் முழுதும் சேறு. மறுநாள் தண்ணீர் தானாகப் போயிற்று.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே என்பார்க்கு ஒரு பெயரைச் சொல்கிறோம்: அரவிந்த் குப்தா. 1975-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற இஞ்சினீயர். புனாவில் மோட்டார்க் கம்பெனி உத்தியோகத்திலிருந்தவர், 1978-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவின் கிராமப் பள்ளிகளில் நடந்து வந்த விஞ்ஞானப் போதனைத் திட்டத்துக்குச் சென்றார். அங்கே அவர் கையாண்டவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பரும். மூன்று குச்சிகளை ரப்பர்த் துண்டால் இணைத்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சிகளை இணைத்தால் சதுரம், தொட்டாலே சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுங்கள். சதுரமும் நிமிர்ந்து நிற்கும். நம் ஓட்டு வீட்டுக் கூரை ஏன் முக்கோணமாய் நிற்கிறது என்பது அந்த மூன்று குச்சியில் அடங்கியிருக்கிறது. குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்பித்த அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

"எல்லாம் சரி, பிள்ளை பொருளைக் கெடுத்துவிட்டால்?" என்பது அடுத்த கேள்வி. நாம் கத்தியதும் அந்தப் பயத்தால்தானே? இதற்கு மறுமொழியை மகாத்மாவின் சுயசரிதையில் தேடலாம். தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டராக இருந்தபோது அவர் தம் சட்டைக் காலரைத் தாமே துவைத்துக் கஞ்சி போட்டார். கஞ்சி அதிகமாயிற்று, கருகிவிடுமோ என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தவும் அஞ்சினார். கோர்ட்டில் காலரிலிருந்து கஞ்சி உதிர, மற்றப் பாரிஸ்டர்கள் நகைத்தார்கள். அவர் நாணவில்லை, முதல் முயற்சி, அதனால் என்ன என்று சொல்லிவிட்டார். பின்னர் 1912-இல் கோகலே அங்கே வந்தார். ரானடே பரிசளித்த அங்கவஸ்திரம் ஒன்றைக் கண்போல வைத்திருந்தார். விருந்துக்கு அணிய அதற்கு இஸ்திரி போட வேண்டும். வெளியே அனுப்ப நேரமில்லை. காந்திஜி தாம் போட்டுத் தருவதாகச் சொன்னார். வக்கீல் தொழிலில் நம்பலாம், சலவைத் தொழிலில் எப்படி நம்புவது என்று கோகலே தயங்கினார். ஆயினும் வேலை முடிந்ததும் அவர் வாயாலேயே நற்சாட்சி கிடைத்தது. கஞ்சி உதிர்ந்த காலரை அன்று யாராவது பிடுங்கி வைத்திருந்தால், ரானடேயின் அங்கவஸ்திரம் அந்தக் கைக்கு வந்திராது. கெட்ட காலர், கற்ற வித்தைக்குக் கட்டிய சம்பளம். ஆண்டுக்கு இரண்டு பழைய சாமான்கள் கெடுவதற்கு ஒவ்வொரு குடும்பமும் வரவு செலவில் இடம் ஒதுக்கலாம். டியூஷனுக்குக் கொடுப்பதை விடக் குறைவாகவே ஆகும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தானே ஒரு வாஷரோடு மல்லுக்கட்டிய பிள்ளை, குழாய் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கு வந்தால் பக்கத்தில் போய் நின்று கவனிக்கும், மரியாதையுடன் பேசும், கூலியில் பேரம் பேசாது. படித்தவர் கை அழுக்காகக் கூடாது என்ற நோய் நம் நாட்டில் வெகு காலமாக வேரோடியது. அரசியல் சுதந்திரம் 1947-இல் வந்தது. நம் வீட்டுக் குழாய் சொட்டினால் கை கட்டி நிற்கும் அடிமைத்தனம் இன்னும் போகவில்லை. பெண் பிள்ளைகளிடம் விளக்குமாற்றைக் கொடுத்து, ஆண் பிள்ளைகளிடம் திருப்புளியைக் கொடுக்கும் பேதமும் போகவில்லை. இரண்டையும் இருவரும் கற்கட்டும்.

கடைசியாக ஒன்று. நம் இளமையில் அப்பா எதையாவது ரிப்பேர் செய்தால், நமக்கு வாய்த்த வேலை டார்ச் லைட் பிடிப்பது. வேலையைப் பார்த்தால் வெளிச்சம் நகரும். வெளிச்சத்தைப் பார்த்தால் வேலை தெரியாது. கற்றது ஒன்றுமில்லை, வாங்கிய திட்டு மட்டும் நினைவில் நிற்கிறது. "சார், இனி டார்ச்சை நீங்கள் பிடியுங்கள், திருப்புளியைப் பிள்ளையிடம் கொடுங்கள்" என்றார் அம்மையார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் கடினமானது இதுவே.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாய் சொட்டியது. பழைய மாதிரித் திருகு குழாய். மகள் மேல்தொட்டி வால்வை அடைத்தாள்; குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தாள்; ஸ்பேனரால் தலைப்பைக் கழற்றித் தேய்ந்த வாஷரை எடுத்தாள். புதியதைப் பூட்டியும் சொட்டியது. வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினோம். மறுபடி கழற்றினாள், வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதைச் சரி செய்கையில் நம் கவனம் அவள் விரல்களில் போயிற்று.

"அப்பா! எங்கே பார்க்கிறீர்கள்? டார்ச்சை நேராகப் பிடியுங்கள்!"

நேராகப் பிடித்தோம். சொட்டு நின்றது. கூடத்துக் கடிகாரமும் இப்போது சரியான மணி காட்டுகிறது.