காலாவதியாகும் முகவரிகளும் கைகழுவும் கல்விப்புலமும்

காலாவதியாகும் டொமைன் பெயரைக் கைப்பற்றும் வழி இன்று பெரும்பாலும் வணிகர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதை முதலில் கற்றிருக்க வேண்டியவர்கள் கல்விப்புலத்தினர். அவர்களது அலட்சியமும் அவ்வணிகத்தின் மூலதனங்களுள் ஒன்று.

ஆய்வுத் திட்டமொன்றின் இணையதளம் சூதாட்ட விளம்பரமாக மாறிவிட்டால், “யாரோ திருடிவிட்டார்கள்” என்ற குரல் உடனே எழுகிறது. நடைமுறையை அறிந்தவர் எவரும் அச்சொல்லைப் பயன்படுத்தமாட்டார். ‘.காம்’, ‘.ஆர்க்’ போன்ற பொதுப் பின்னொட்டுகளில், காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாள்களுக்குள் மீண்டும் ஒரு முறையும் பதிவாளர் நிறுவனம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். இது ஐகான் அமைப்பின் விதி. அதன்பின் 45 நாள்கள் வரை நீளக்கூடிய சலுகைக்காலம் உண்டு. பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக்காலம் தொடங்கும். கூடுதல் கட்டணம் செலுத்திப் பழைய உரிமையாளர் அதை மீட்டுக்கொள்ளலாம். அடுத்த 5 நாள்கள் பெயரை எவரும் தொட முடியாது. அவை முடிந்த நொடியில் அது பொதுவெளிக்கு வருகிறது. முன்பதிவு பெற்றுக் காத்திருக்கும் நிறுவனங்கள் அந்நொடியில் தானியங்கி நிரல்களால் விண்ணப்பங்களைப் பொழிகின்றன. ஒரே பெயரைப் பலர் கேட்டிருந்தால் அவர்களுக்குள் ஏலம் நடக்கிறது. மதிப்புள்ள பெயர்கள் பல அந்தக் கட்டத்தைக்கூட எட்டுவதில்லை. சலுகைக்காலத்திலேயே பதிவாளர் நிறுவனம் அவற்றை ஏலத்திற்கு விட்டுவிடுகிறது.

மூன்று அறிவிப்புகளும் வாரக்கணக்கில் அவகாசமும் கடந்து கைமாறும் ஒன்றைத் திருட்டு என்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. அதன் சரியான பெயர் கைவிடுதல்.

கைவிடப்பட்ட ஆய்வுத்தளத்தை வணிகர் விரும்புவதற்கும் காரணம் உண்டு. பல்கலைக்கழகப் பக்கங்களும் ஆய்விதழ்களும் விக்கிப்பீடியாவும் அம்முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன. பல்லாண்டு உழைப்பால் திரண்ட அந்த நம்பிக்கையே விற்பனைக்கு வருகிறது. பழைய பெயரின் நற்பெயரைக் கொண்டு தேடல் தரவரிசையை ஏய்க்கும் இச்செயலை 2024 மார்ச்சில் கூகுள் தன் எரிதக் கொள்கையில் தனி முறைகேடாகவே சேர்த்தது. பெயரோடு மின்னஞ்சலும் போகிறது. புதிய உரிமையாளர் விரும்பினால், அம்முகவரிக்கு வரும் கடிதங்களையும் கடவுச்சொல் மீட்புச் செய்திகளையும் அவரே பெற முடியும்.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய வீடியோ விளையாட்டு வழக்குத் தீர்ப்பில், நீதிபதி சாமுவேல் அலிட்டோ ஒரு வலைப்பக்கத்தை மேற்கோளாகத் தந்திருந்தார். அதன் பெயர் காலாவதியானபின் வேறொருவர் அதைப் பெற்று, இணைய மேற்கோளின் நிலையாமையை எள்ளும் வாசகமொன்றை அங்கே வைத்தார். 2015இல் சயன்ஸ் இதழில் எழுதிய ஜான் பொஹானன், ஆய்விதழ்களின் காலாவதியான முகவரிகள் எவ்வாறு பறிக்கப்படுகின்றன என்பதை விளக்கியதோடு, குரோவேஷியக் கலை இதழொன்றின் முகவரியைத் தாமே பதிவுசெய்தும் காட்டினார். இவர்கள் இருவரும் எச்சரிக்கவே செய்தனர். அடுத்து வாங்குபவருக்கு அந்த நோக்கம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் தனிப் பாடம் இருக்கிறது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை உடையது என்றார் சசூர். ஆயினும் தனியொருவர் அதை விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. மொழிச்சமூகம் முழுவதும் அதைத் தாங்கி நிற்கிறது. டொமைன் பெயருக்கு அத்தகைய சமூகக் காவல் இல்லை. ஆண்டுக்கட்டணம் ஒன்றே அதன் குறிப்பானையும் குறிப்பீட்டையும் பிணைத்திருக்கிறது. கட்டணம் நின்றால், நேற்றுவரை ஒரு பழங்குடி மொழியின் ஒலிப்பதிவுகளைச் சுட்டிய பெயர் நாளை கடன் செயலியைச் சுட்டும். அச்சிட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்போ பழைய பொருளிலேயே நின்றுவிடும்.

இந்தியச் சூழலில் இந்நிலை உருவாகும் விதமும் மறைபொருள் அல்ல. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான நிதிநல்கையில் தளம் ஒரு செலவினம். விரைவு கருதி, திட்டத்தில் பணிபுரியும் ஆய்வாளர் தம் சொந்த மின்னஞ்சலிலும் சொந்தப் பணத்திலும் பெயரைப் பதிவுசெய்கிறார். முதன்மை ஆய்வாளர் திறப்புவிழாவில் உரையாற்றுகிறார். உதவித்தொகை முடிந்து ஆய்வாளர் வேறூருக்குப் போகிறார். நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒப்படைக்கப்பட்டதும் நிறுவனத்தின் பார்வையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அறிவிப்புகள் யாரும் திறவாத அஞ்சல்பெட்டியில் சேர்கின்றன. பெயர் போனபின் பழி மட்டும், தளத்தை உருவாக்கிய அந்த ஆய்வாளர்மீது விழுகிறது. ஊதியம் நின்றபின்னும் ஒருவர் நிறுவனத்தின் நினைவகத்துக்குத் தம் பையிலிருந்து வாடகை கட்ட வேண்டும் என எதிர்பார்ப்பது உழைப்புச் சுரண்டலே அன்றி வேறில்லை.

“சட்டப்படி மீட்கலாமே” என்பர் சிலர். 1999இல் ஏற்கப்பட்ட யூடிஆர்பி நெறிமுறையில் முறையிடுவோர், தமக்கு அப்பெயரில் வணிகக்குறி உரிமை உண்டென்றும், எதிர்த்தரப்புக்கு நியாயமான உரிமை இல்லையென்றும், தீய எண்ணத்தோடு அது பதிவுசெய்து பயன்படுத்தப்படுகிறதென்றும் மெய்ப்பிக்க வேண்டும். தன் சொல்லடைவுத் திட்டத்தின் பெயரை வணிகக்குறியாகப் பதிந்த மொழியியல் துறை எத்தனை?

“வேபேக் மெஷின் சேமித்திருக்குமே” என்பர் வேறு சிலர். அது போற்றத்தக்க பணி. ஆனால் தேடுபெட்டிக்குப் பின்னே இருக்கும் தரவுத்தளத்தை அத்தகைய சேமிப்பு பொதுவாக எட்டுவதில்லை. பக்கம் கிடைக்கும், தரவு கிடைக்காது. அடிக்குறிப்பைச் சொடுக்கும் மாணவர் போய்ச்சேருவதும் சேமிப்பகத்துக்கு அல்ல, புதிய உரிமையாளரின் வாசலுக்கே.

மாற்றுவழி ஏற்கெனவே இந்தியாவில் இருக்கிறது. சோத்கங்கா ஆய்வேடுகள் இன்ஃபிளிப்நெட்டின் நிறுவன முகவரியின்கீழ் இருப்பதோடு, ஹேண்டில் எனும் நிலைத்த அடையாள எண்ணையும் பெறுகின்றன. கோப்பு இடம் மாறினாலும் அவ்வெண்ணைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடலாம். ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, அதற்கு ஆதாரமான தரவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஆகவே கோரிக்கைகள் எளியவை. திட்டங்களுக்குத் தனிப்பெயர் வாங்கும் மோகம் ஒழிய வேண்டும், ‘.ஏசி.இன்’, ‘.ரெஸ்.இன்’ முகவரிகளின்கீழ் துணைப்பெயர் தந்தால் போதும். நிறுவனம் தன் தலைமைப் பெயரைப் புதுப்பிக்கும்வரை துணைப்பெயர் சந்தைக்குப் போகாது. தனிப்பெயர் தவிர்க்க முடியாதெனில் நிறுவனத்தின் பெயரிலும் அலுவலக மின்னஞ்சலிலும், அனுமதிக்கப்பட்ட உச்சமான 10 ஆண்டுகளுக்கு அதைப் பதிய வேண்டும். தரவு முழுவதும் நிலைத்த அடையாள எண்ணோடு களஞ்சியத்தில் சேர்ந்தபின்னரே திட்டம் முடிந்ததாகக் கருத வேண்டும். நிதி தருவோர் இதை நிபந்தனையாக்க வேண்டும். தளத்தை மூடும் காலத்திலும் பெயரை மட்டும் விடாமல் புதுப்பித்து, களஞ்சியத்துக்கு வழிகாட்டும் ஒற்றைப் பக்கத்தை அங்கே நிறுத்த வேண்டும்.

முகவரியொன்று ஆய்வேட்டில் மேற்கோளான அன்றே, அதைக் கைவிடும் உரிமையை அதன் உரிமையாளர் இழந்துவிடுகிறார். துறைத்தலைவர்கள் தம் துறையின் பெயரில் எத்தனை முகவரிகள் உள்ளன, எவை எந்நாளில் காலாவதியாகின்றன, அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது என்ற பட்டியலை இந்த வாரமே தயாரிக்கட்டும். அந்தப் பட்டியல் ஏலம் எடுப்போரிடம் இருக்கிறது, துறைகளிடம்தான் இல்லை.