சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

விலை கூடுதலா இருந்தால்தான் நல்ல சேமியா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வாங்குவதைப் பார்க்கிறேன். பாக்கெட்டின் பளபளப்பை விடுங்க; பின்பக்கம் படிங்க. எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'டியூரம் கோதுமை ரவை' என்று முதலில் இருந்தால் கூடுதல் காசு தரலாம். கெட்டியான கோதுமை, உப்புமா லேசில் குழையாது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை இந்த ரவையில்தான் செய்யணும்னு 1967-லேயே சட்டம் போட்டார்கள். மைதாவுக்கு எதற்கு அதிக விலை? 'வறுத்தது' என்பதற்காகவும் கூடுதலாகத் தர வேண்டாம். ஒரு ஸ்பூன் நெய்யில் சிவக்க வறுக்க நமக்குத் தெரியாதா? அந்தக் காசில் பாயசத்துக்கு நாலு முந்திரி சேர்த்துப் போடலாமே! என்ன சொல்றீங்க தோழிகளே?

- ஒரு வாசகி, அம்பத்தூர்.