படங்கள் ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம்

மாசி மகத்தன்று சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தை நோக்கி மலாக்கா பட்டணத்துச் சனமும் சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனமும் திரண்டு போகும். காவடி, பால்குடம், ரதம் என்று எதையும் விடாமல் எல்லார் கைப்பேசியும் படம் பிடிக்கும். திருவிழா முடிந்த வாரமே அந்தப் படங்கள் கோயில் நிர்வாகத்தினரின் மின்னஞ்சலில் வந்து குவியத் தொடங்கிவிடும். கூடவே பேனர் டிசைன், அழைப்பிதழ், உபயக்காரர் பட்டியல், விழா மலருக்கான விளம்பரம். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் கோயில்களிலும் தீமிதி முடிந்தால் இதே நிலைதான். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கோ விளையாட்டுப் போட்டி முடிந்த வாரம்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டக் கோயிலின் செயலாளர் எனக்கு மாமா முறை. "தம்பி, கடிதம் அனுப்பிட்டோம்னு ஆபிஸ்ல சொல்றாங்க. எனக்கு ஒன்னுமே வரலையே, கொஞ்சம் பாருப்பா" என்று கூப்பிட்டார். போய் மடிக்கணினியைத் திறந்தேன். இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை மேலேயே சிவப்பில் நின்றது. அதற்குக் கீழே 'பேனர் கடைசி', 'பேனர் கடைசி 2', 'பேனர் சரியானது' என்று அச்சகத்திலிருந்து வந்தவை வரிசையாக இருந்தன. இரண்டு பேனர்களுக்கு நடுவே வங்கிக் கடிதம் ஒன்று திறக்கப்படாமலே கிடந்தது. அவர் தேடிய கடிதம் பெட்டிக்குள் நுழையவே இல்லை. பெட்டி நிரம்பிவிட்டால் புதிதாக வரும் அஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பெற வேண்டியவருக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் கோயில்களிலும் மன்றங்களிலும் பல 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த வேலை இப்போது இணையத்தில்தான் நடக்கிறது. ஒரு நினைவூட்டல் கண்ணில் படாமல் போனால் சங்கத்தின் பதிவுக்கே ஆபத்து வரலாம்.

தோட்டத்துச் சனத்துக்குத் தாளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டதிலிருந்து தொடங்குகிறது மலாக்காவின் பால்மரக் கதை. அந்த மரங்களை நம்பி வாழ்ந்த நம்மவர்களிடம் நிலம் இல்லை, வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். கையில் இருந்தவை பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும்தான். அவை சரியாக இல்லாததால் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளியவர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். தோட்டத் துண்டாடல் நடந்த நாள்களில் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பங்குப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. பால்மரம் இருந்த இடத்தில் இன்று செம்பனையும் தாமான் வீடுகளும் நிற்கின்றன. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் உண்டா என்ற கேள்விக்கு, யார் எப்போது என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் பதில். அந்த எழுத்து இப்போது மின்னஞ்சலாக வருகிறது.

ஜிமெயில் பெட்டி ஏன் நிரம்புகிறது? கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட். அது மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதில்லை. டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் சேமிப்பும் 2024 தொடங்கி இதே கணக்கில் ஏறுகிறது. காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் அப்படிச் சேர்ந்து, கடைசியில் கடிதம் வரும் வழியை அடைத்துவிடுகின்றன.

பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு வழி தெரியும். பாலை வடிகட்டி ஊற்றுவார்கள். கட்டிப்பாலை வீசிவிட மாட்டார்கள், அதற்குத் தனி நிறுவை, தனி விலை. பெரிய இணைப்போடு வரும் அஞ்சலையும் அப்படித்தான் நடத்த வேண்டும். அதற்கான வடிகட்டி ஜிமெயிலிலேயே இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் அதை அமைக்க முடியாது, கணினியில் உட்கார வேண்டும். மேலே தேடும் கட்டத்தின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் 'சைஸ்' என்ற இடத்தில் 'கிரேட்டர் தேன்' என்பதைத் தேர்ந்து 5 எம்பி என்று கொடுங்கள். இணைப்பு உண்டு என்ற கட்டத்தில் குறியிடுங்கள். 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தியதும் வரும் பட்டியலில் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்', 'அப்ளை தி லேபிள்' இரண்டையும் தேர்ந்து, 'பெரிய கோப்புகள்' என்று ஒரு பெயர் வையுங்கள். ஏற்கெனவே வந்து கிடப்பவற்றுக்கும் இது செல்லட்டும் என்ற கட்டத்தையும் மறக்காமல் தொடுங்கள். அவ்வளவுதான். இனி பேனரும் படமும் தாமாகவே ஒரு பக்கம் ஒதுங்கும், கடிதங்கள் கண்முன்னே நிற்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அரசாங்க அலுவலகங்களும் சில நேரம் பெரிய கோப்பு அனுப்பும். நிலத்தின் வரைபடம் ஒன்றே பல மெகாபைட் இருக்கும். அதனால் அதே படிவத்தில் அனுப்புநர் கட்டத்தில் ஒரு கழித்தல் குறி போட்டு, அரசு முகவரிகளின் முடிவான 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்பதை ஒட்டி எழுதிவிடுங்கள். அவை வடிகட்டியில் சிக்காமல் நேராக வரும். எந்தக் காரணம் கொண்டும் 'டிலீட் இட்' என்பதைத் தொடாதீர்கள். தேவையா இல்லையா என்று மனிதர் பார்த்த பிறகுதான் எதையும் அழிக்க வேண்டும்.

ஒதுக்கிவைப்பதால் மட்டும் இடம் மிச்சமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒதுங்கிய அஞ்சலும் அந்த 15 ஜிகாபைட்டில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை 'பெரிய கோப்புகள்' பகுதியைத் திறந்து, வேண்டிய படங்களை வெளி வட்டில் இறக்கிக்கொண்டு, மற்றதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். தொட்டியை விட்டுவிட்டால் 30 நாள் கழித்துத்தான் அது தானாகக் காலியாகும்.

அனுப்புகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கோப்பை இணைக்கும் முறை எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 1992 மார்ச் 11 அன்று நத்தானியேல் போரன்ஸ்டீன் என்ற கணினி அறிஞர் தம் பாடகர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிக் காட்டினார். கோப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் அந்த முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அப்படி மாற்றும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட் என்பதால் 20 மெகாபைட் கோப்பே சில நேரம் போய்ச் சேராது. படங்களை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்பினால் வாங்குகிறவர் பெட்டி தப்பிக்கும். கூட்டக் குறிப்பைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதை விட்டு, தட்டச்சு செய்து அனுப்புங்கள். படமாக இருபது மெகாபைட் ஆவது எழுத்தாக இருபது கிலோபைட்டில் அடங்கும். பின்னாளில் தேடினாலும் கிடைக்கும்.

டுரியான் துங்கால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மலாக்காவின் மற்றக் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது கோயிலுக்கு ஒரு மணி நேரம் போய் இந்த வடிகட்டியை அமைத்துக் கொடுங்கள். மாமாவும் சித்தப்பாவும் கூப்பிடக் கூச்சப்படுவார்கள், நீங்களாகவே போங்கள். செயலாளரின் மகன் பெயரில் முகவரி இருந்தால் கோயில் பெயரில் ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல்லை இரண்டு நிர்வாகிகளிடமாவது எழுதிக் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தேநீருக்கு முன் இதை முதல் வேலையாக முடியுங்கள்.