மடக்கி வைத்த வரியும் கூடவே போகும்: காப்பி-பேஸ்ட்டுக்கு ஏன் ஒரு விதி வேண்டும்?

கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டியது ஒரே ஒரு தலைப்புதான். மொபைலில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து, ‘பட்ஜெட்’ என்ற வரியை காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் பேஸ்ட் பண்ணி அனுப்பியாச்சு. அப்புறம் பார்த்தால், அதற்குக் கீழே மடக்கி வைத்திருந்த 6 வரிகளும் சேர்ந்தே போயிருக்கின்றன. அதில் ஒன்று, ‘எவ்வளவு வரை விலை குறைக்கலாம்’ என்ற குறிப்பு. இப்படி நடந்தால் தவறு யாருடையது?

சிக்கல் எங்கே?

1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ‘ஜிப்சி’ என்ற எடிட்டரில் கட், காப்பி, பேஸ்ட்டை வடிவமைத்தார்கள். எழுத்து என்பது நேர்கோடு. எங்கிருந்து எங்கே வரை தேர்வு செய்கிறோமோ, அவ்வளவுதான் வரும்.

ஒர்க்ஃப்ளோவி போன்ற அவுட்லைன் ஆப்களில் கதையே வேறு. தலைப்பு, அதன் கீழ் துணை வரி, அதற்கும் கீழ் இன்னொன்று என எல்லாம் மரம் மாதிரி கிளைவிடும். ஒரு வரியைத் தொட்டால், அந்த வரி மட்டுமா, கிளை முழுவதுமா? ஒட்டும்போது அடுத்த வரியாக வருமா, துணை வரியாக உள்ளே போகுமா? இதை ஆப்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவு நமக்கு முன்கூட்டியே தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை.

எக்செலையே பாருங்கள். ஃபில்டர் போட்டு காப்பி செய்தால் கண்ணில் தெரியும் வரிசைகள் மட்டும் வரும். அதே வரிசைகளை ‘ஹைட்’ செய்துவிட்டு காப்பி செய்தால், மறைந்தவையும் சேர்ந்தே வரும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. தேர்வு செய்த பிறகு, விண்டோஸில் ஆல்ட் விசையுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் தெரிபவை மட்டும் தேர்வாகும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

ஆப்புக்குள்ளே கிளை முழுவதும் ஒன்றாகவே நகர வேண்டும். தலைப்பை மட்டும் வெட்டி எடுத்தால் துணை வரிகள் அநாதையாகிவிடும். ஒட்டும்போது, கர்சர் இருக்கும் வரிக்கு அடுத்து, அதே மட்டத்தில் வர வேண்டும். உள்ளே இருக்கும் படிநிலை கலையக் கூடாது. ஒரே ஒரு ‘அன்டூ’வில் எல்லாம் பழையபடி திரும்ப வேண்டும்.

வெளியே அனுப்பும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு முறையும் ‘சம்மதமா?’ என்று கேட்பது தீர்வல்ல; நாம் படிக்காமலேயே ஓகே தட்டிவிடுவோம். ‘மடக்கிய 6 வரிகளும் காப்பி ஆகியுள்ளன’ என்று ஒரு சின்ன அறிவிப்பு, பக்கத்திலேயே ‘தலைப்பு மட்டும்’ என்ற பட்டன். இவ்வளவு போதும்.

‘யூசர் கவனமா இருந்திருக்கணும்’ என்று சொல்வது சுலபம். ஆனால், கண்ணுக்குத் தெரியாததில் எப்படிக் கவனம் வைப்பது? மறைப்பது ஆப் என்றால், மறைத்ததைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அதற்குத்தான்.

அதுவரை ஒரு பழக்கம் கைகொடுக்கும்: அனுப்பும் முன், காப்பி செய்ததை ஒரு வெற்று நோட்டில் ஒட்டிப் பாருங்கள். என்ன போகப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.